தோட்டப் புறநகரில் குடியேறிய வறுமை

2000-ம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு இங்கிலாந்தின் 8,414 வார்டுகளையும் நலிவின் அடிப்படையில் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டது. வருமானம், வேலை, உடல்நலம், கல்வி, வீட்டுவசதி, அன்றாடச் சேவைகள் எத்தனை தொலைவில் இருக்கின்றன என்று ஆறு அளவுகோல்கள். ஆறையும் சேர்த்துப் பார்த்ததில், நாட்டிலேயே மிக நலிந்த வார்டாக முதல் எண்ணைப் பெற்றது பென்ச்சில். மான்செஸ்டர் மாநகரின் தென்கோடியில், விதன்ஷா என்ற புறநகரின் நடுவே இருக்கிறது அது. நாட்டின் மிக ஏழை வார்டு என்றதும் மூடிக்கிடக்கும் ஆலைகளும் காறை பெயர்ந்த அடுக்குமாடிகளுமே பலருக்கும் மனதில் வரும். பென்ச்சிலில் இருப்பவையோ முன்னும் பின்னும் தோட்டம் விட்டுக் கட்டிய செங்கல் வீடுகள், வேலிச்செடிகள், வளைந்து செல்லும் தெருக்கள், இடையிடையே புல்வெளிகள். தொழிலாளர்கள் நன்றாக வாழவேண்டும் என்றே திட்டமிட்டு எழுப்பிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊர் எழுபது ஆண்டுகளுக்குள் பட்டியலின் உச்சிக்கு எப்படிப் போனது என்ற கேள்விக்கு அந்த மக்களின் குணத்தில் விடை தேடியவர்கள் பலர். விடை வீடுகளின் கணக்கில் இருக்கிறது: யாருக்கு வீடு கொடுத்தார்கள், எந்த வீட்டை விற்றார்கள், வீட்டோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய எதைக் கொடுக்காமல் விட்டார்கள் என்பதில். ஏழைகளை அந்த வார்டு உருவாக்கவில்லை. ஏழைகளை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு ஒன்று வெளியே இருந்தது; அதன் விளைவு பென்ச்சிலில் எண்ணாகத் தெரிந்தது.

விதன்ஷாவின் பிறப்பு நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய மான்செஸ்டரில் ஹியூம், ஆன்கோட்ஸ் போன்ற உள்நகரப் பகுதிகளில் தொழிலாளர் குடும்பங்கள் புகையிலும் ஈரத்திலும் அடைந்துகிடந்தன. நகருக்குள் இடமில்லை, மெர்சி ஆற்றைத் தாண்டி செஷயர் கவுண்டியின் விளைநிலங்கள்தான் இருந்தன. 1926-ல் டாட்டன் குடும்பத்திடமிருந்து சுமார் 2,500 ஏக்கரை மாநகராட்சி வாங்கியது. மான்செஸ்டர் தொழிலதிபர் எர்னெஸ்ட் சைமனும் அவர் மனைவி ஷீனா சைமனும் விதன்ஷா மாளிகையையும் அதைச் சுற்றிய 250 ஏக்கரையும் தங்கள் பணத்தில் வாங்கி ஊருக்குக் கொடுத்தார்கள். அது இன்றும் பொதுப்பூங்கா. ரேமண்ட் அன்வினோடு சேர்ந்து லெட்ச்வொர்த் தோட்ட நகரத்தை வடிவமைத்த பேரி பார்க்கரிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் கூடாது, ஒவ்வொரு குடியிருப்புக்கும் பள்ளியும் கடையும் நடக்கும் தூரத்தில், பெரிய சாலைகள் வீட்டு வாசலைத் தொடாமல் பூங்காவுக்குள் செல்வதுபோல் போகவேண்டும் என்பன அவர் மரபின் கொள்கைகள். 1931-ல் அந்தக் கிராமங்கள் செஷயரிலிருந்து பிரிக்கப்பட்டு மான்செஸ்டரோடு இணைந்தன. குழாயைத் திறந்தால் தண்ணீர், தனிக் குளியலறை, பிள்ளைகளுக்குத் தனி அறை, காய்கறி போட ஒரு துண்டு மண். கொல்லைப்புறத்தில் பல குடும்பங்களோடு கழிவறையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லவேண்டியதில்லை. இந்த முயற்சியை இளக்காரமாகப் பேசுகிற பிற்கால விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரசு தன் ஏழைகளுக்கு அதற்கு முன் அவ்வளவு கண்ணியமான வீட்டைக் கட்டியது அரிது.

ஆனால் கட்டி முடிந்தது பாதித் திட்டம்தான். வீடுகள் எழுந்த வேகத்தில் மற்றவை எழவில்லை. இடையில் போர் வந்தது, பணம் வற்றியது. ஊருக்கு நடுநாயகமாக இருக்கவேண்டிய கடைவீதியும் பொதுமையமும் 1960-களில்தான் உருப்பெற்றன. நூலகமும் அரங்கும் நீச்சல்குளமும் கொண்ட ஃபோரம் 1971-ல்தான் வந்தது. அதுவரை ஒரு தலைமுறை முழுவதும் பெரிய செலவுகளுக்கும் பொழுதுபோக்குக்கும் பேருந்து ஏறி ஆற்றைக் கடந்தது. வாடகையும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்தால் பழைய இடத்தில் கொடுத்ததைவிட அதிகம். பார்க்கரின் பூங்காச் சாலையின் கணிசமான பகுதி பின்னாளில் மோட்டார்வேயாக மாறி, புறநகரைக் குறுக்கே பிளந்தது. கார் உள்ளவர்களுக்கு அது வழி. இல்லாதவர்களுக்கு அது சுவர். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸில் 23.3 சதவீதக் குடும்பங்களுக்குக் கார் கிடையாது. நகரத்தின் மையத்தில் கார் இல்லாமல் வாழலாம். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு என்று விரித்துக் கட்டிய புறநகரில் கார் இல்லாவிட்டால் மருத்துவரும் மலிவான கடையும் வேலையும் எல்லாமே எட்டிப்போகின்றன. புறநகர் வறுமைக்கு இப்படித் தனியான ஒரு முகம் உண்டு. ஊரைக் காற்றோட்டமாக்கிய அதே தாராளமான இடவெளி, பேருந்து குறைந்ததும் தண்டனையாகிவிடுகிறது. 1986-ல் லண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவைகள் சந்தைக்குத் திறந்துவிடப்பட்டன. அதன்பின் லாபமில்லாத தடங்களும் இரவு நேரச் சேவைகளும் எத்தனையோ புறநகர்களில் முதலில் வெட்டுப்பட்டன.

இதைவிட ஆழமான மாற்றம் வீட்டு வாசலில் நடந்தது. ஆரம்பத்தில் கவுன்சில் வீடு, அதாவது உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்ட வீடு, பெற்றவர்களில் பலர் நிலையான சம்பளம் உள்ள தொழிலாளர்கள். வாடகை கட்டமுடியுமா என்று பார்த்தே கொடுத்தார்கள். ஒரே தெருவில் திறன்மிக்க தொழிலாளியும் பேருந்து ஓட்டுநரும் எழுத்தரும் இருந்தார்கள். 1977-ல் வீடற்றோர் சட்டம் வந்தது. வீடிழந்து நிற்கும், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு உறைவிடம் கொடுப்பது கவுன்சில்களின் கடமையானது. நியாயமான சட்டம், வரவேற்கவேண்டிய சட்டம். மூன்றே ஆண்டுகளில் 1980-ன் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. கவுன்சில் வீட்டில் குறைந்தது மூன்று ஆண்டு குடியிருந்தவர் சந்தை விலையில் 33 சதவீதத் தள்ளுபடியில், நீண்டகாலம் இருந்தவர் 50 சதவீதம்வரை தள்ளுபடியில் அதைச் சொந்தமாக வாங்கலாம். வாங்க முடிந்தவர்கள் வேலையில் இருந்தவர்கள். முதலில் விலைபோனவை நல்ல தெருக்களில் இருந்த நல்ல வீடுகள். இங்கிலாந்தில் இப்படி 20 லட்சம் வீடுகள் அளவுக்கு விற்றுப்போயின. ஈடாகக் கட்டப்பட்டவை சொற்பம். வீடுகளின் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, எஞ்சியவை மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கே என்றாயின. ஒரு சட்டம் மிகவும் தேவைப்பட்டவர்களை உள்ளே கொண்டுவந்தது, மற்றொன்று ஓரளவு வசதி உள்ளவர்களை வாடகைக் கணக்கிலிருந்து வெளியே எடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கியதால், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், நீண்டகால நோயாளிகள், வேலையிழந்த ஆண்கள் ஆகியோர் பென்ச்சில் போன்ற இடங்களில் செறிந்தார்கள். தெருவுக்கு ஒரு சிரமம் என்று பரவியிருந்தது, ஒரே தெருவில் வரிசையாக வந்து உட்கார்ந்தது.

வேலையும் அதே ஆண்டுகளில் போயிற்று. விதன்ஷாவைச் சுற்றி ஷார்ஸ்டன், ரவுண்ட்தார்ன் போன்ற தொழிற்பேட்டைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் இருந்தன. அங்கே ஆலை வைத்திருந்த ஃபெர்ராண்டி நிறுவனம் 1993-ல் நொடித்துப்போனது. பதினாறு வயதில் பள்ளியைவிட்டு வந்தவனுக்குப் பயிற்சியும் சங்கமும் ஓய்வூதியமும் சேர்த்துத் தந்த வேலைகள் அவை. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விதன்ஷாவின் தெற்கு எல்லையிலேயே மான்செஸ்டர் விமான நிலையம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் மூன்று கோடிப் பயணிகள். விதன்ஷாவின் உட்ஹவுஸ் பார்க் வார்டின் எல்லைக்குள்ளேயே விமான நிலையம் வருகிறது. வட இங்கிலாந்தின் மிகப்பெரிய வேலைத்தலங்களில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேலையில்லை என்பது சாக்குதானே என்று கேட்கலாம். விமான நிலையம் எந்த மாதிரி வேலையைத் தருகிறது என்று பார்க்கவேண்டும். அதிகாலை விமானங்களுக்காக மூட்டை ஏற்றுபவரும் பாதுகாப்புச் சோதனை செய்பவரும் துப்புரவுப் பணியாளரும் விடியும் முன்பே பணியில் நிற்கவேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்தோ ட்ராமோ வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பாதுகாப்புச் சரிபார்ப்புக்குப் பல ஆண்டு வேலைப் பதிவுகளை இடைவெளியில்லாமல் காட்டவேண்டும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்கு இவற்றில் ஒன்று தவறினாலும் வேலை கைவிட்டுப் போகும். கிடைத்தாலும் சம்பளம் பெரும்பாலும் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவை ஒட்டியே இருக்கும். நல்ல சம்பளம் வாங்கும் விமானியும் மேலாளரும் காரில் வந்து காரில் போய்விடுவார்கள், வசிப்பது வேறிடத்தில். ஆகவே வார்டின் எல்லைக்குள் இருக்கும் வேலைகளையும் வார்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் வேலைகளையும் தனித்தனியே எண்ணவேண்டும். விமான நிலையத்துக்கு மெட்ரோலிங்க் ட்ராம் வந்து, விதன்ஷா வழியாக அது ஓடத் தொடங்கியது 2014 நவம்பரில்தான். விமான நிலையம் அங்கே 1938 முதல் இருக்கிறது.

இனி எண்களைப் பற்றி. வார்டு பற்றிய பெரும்பாலான விவரங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகின்றன. அது ஒவ்வொரு குடும்பத்தையும் நான்கு கோணங்களில் பார்த்து நலிவை எடைபோடுகிறது. வீட்டில் யாராவது வேலையில்லாமலோ நீண்டகால நோயால் வேலைசெய்ய முடியாமலோ இருக்கிறார்களா, ஒருவரிடமாவது அடிப்படைப் பள்ளித் தேர்ச்சி இருக்கிறதா, யாருக்காவது உடல்நலம் மோசமா அல்லது ஊனம் உண்டா, வீடு நெரிசலாகவோ வெப்பவசதி இல்லாமலோ இருக்கிறதா என்பவை அந்த நான்கு. 2021-ல் இங்கிலாந்து, வேல்ஸ் குடும்பங்களில் 48.3 சதவீதத்துக்கு ஒரு நலிவும் இல்லை; 33.5 சதவீதத்துக்கு ஒன்று, 14.2 சதவீதத்துக்கு இரண்டு, 3.7 சதவீதத்துக்கு மூன்று, 0.2 சதவீதத்துக்கு நான்கும். பார்க்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்பதே இல்லை. விதன்ஷாவின் எல்லையைத் தாண்டினால் ட்ராஃபோர்ட் கவுன்சிலைச் சேர்ந்த ஹேல் பார்ன்ஸ் வந்துவிடும். மான்செஸ்டர் வட்டாரத்தின் மிக வசதியான குடியிருப்புகளில் ஒன்று. அங்கே கடனில்லாத பெரிய வீட்டில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற முதியவர், பள்ளிச் சான்றிதழ் இல்லாததாலும் மூட்டுவலியாலும் இரண்டு நலிவு உள்ளவராகப் பதிவாவார். இந்தப் பக்கம் இரண்டு பகுதிநேர வேலை பார்த்தும் வாடகை பாக்கி வைத்திருக்கும் இளம் தாய் எந்த நலிவும் இல்லாதவர் பட்டியலில் சேர்ந்துவிடலாம். போதாக்குறைக்கு 2021 கணக்கெடுப்பு நடந்தது ஊரடங்கின்போது, மார்ச் 21 அன்று. 31.2 சதவீத உழைப்பாளர்கள் வீட்டிலிருந்தே வேலை என்று பதிந்தார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு புறநகர் வார்டின் பேருந்துத் தேவையைக் கணிப்பது ஆபத்து.

சராசரி செய்யும் தவறு இன்னொன்று. 2021 கணக்கெடுப்பின்படி மான்செஸ்டரின் 5 லட்சத்து 52 ஆயிரம் மக்கள் 32 வார்டுகளில் வசித்தார்கள். ஒரு வார்டுக்குச் சராசரியாக 17 ஆயிரம் பேர். அதற்குள் வீட்டுக்கடனைக் கட்டிமுடித்த தெருவும், தனியார் வாடகைக்கு அறை அறையாகப் பிரித்துவிட்ட தெருவும், முழுக்கச் சமூக வாடகை வீடுகளாக (கவுன்சிலோ வீட்டுவசதி அமைப்போ குறைந்த வாடகைக்கு விடுபவை) இருக்கும் தெருவும் அடங்கும். இதை உணர்ந்துதான் 2004 முதல் அரசின் நலிவுக் குறியீடு வார்டுகளைக் கைவிட்டு, சராசரியாக 1,500 பேர் கொண்ட சிறு பகுதிகளுக்கு மாறியது. நல்ல மாற்றம். அதே 2004-ல் மான்செஸ்டரின் தேர்தல் எல்லைகளும் மாற்றி வரையப்பட்டன. பென்ச்சில் என்ற வார்டே இல்லாமல் போனது, அதன் தெருக்கள் பக்கத்து வார்டுகளுக்குப் பிரிந்தன. இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. வாக்காளர் எண்ணிக்கையைச் சமன்செய்ய அவ்வப்போது நடக்கும் வேலைதான். ஆனால் விளைவைக் கவனிக்கவேண்டும். நாட்டின் முதல் எண்ணை வாங்கிய வார்டு நான்கே ஆண்டில் ஒப்பிடமுடியாததாகிவிட்டது. அங்கே செலவிட்ட பணம் பலன் தந்ததா என்று அதே கோட்டுக்குள் அளந்து சொல்ல வழியில்லை. நார்தெண்டன் போன்ற ஓரளவு வசதியான பகுதியோடு சேர்ந்துவிட்ட ஒரு ஏழைத் தெரு, வார்டுச் சராசரியில் கரைந்துவிடும். எண் முன்னேறும். அந்தத் தெருவில் ஒரு வீட்டு அடுப்புக்கும் அதனால் பயனில்லை.

2013-ல் நடந்த ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால், தெருவின் வடிவமும் தேசியக் கொள்கையும் எப்படி முட்டிக்கொள்கின்றன என்பது புரியும். சமூக வாடகை வீட்டில் தேவைக்கு மேல் படுக்கையறை இருந்தால் வீட்டு உதவித்தொகையைக் குறைப்பது என்று அரசு முடிவு செய்தது. மக்கள் அதைப் படுக்கையறை வரி என்றே அழைத்தார்கள். கூடுதலாக ஓர் அறை இருந்தால் வாடகையில் 14 சதவீதம், இரண்டு அறை இருந்தால் 25 சதவீதம் பிடித்தம். தோட்டப் புறநகரில் கட்டியவை பெரும்பாலும் குடும்ப வீடுகள், மூன்று படுக்கையறை கொண்டவை. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய, ஓய்வூதிய வயதை எட்டாத ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். வாடகை வாரம் 100 பவுண்டு என்றால் 25 பவுண்டு கையிலிருந்து போகும். சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஒற்றைப் படுக்கையறை வீடுகளை யாருமே கட்டாத ஊரில் எங்கே மாறுவது? முப்பது ஆண்டு வாழ்ந்த தெருவைவிட்டு, மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் எட்டாத இடத்துக்குப் போகவேண்டும். அந்தப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி இருப்பதால்தான் மகளால் விமான நிலையத்தில் அதிகாலைப் பணிக்குப் போக முடிகிறது. பார்க்கர் காலத்தில் பெருமையாக இருந்த மூன்றாவது அறை, எண்பது ஆண்டு கழித்து அபராதத்துக்குரியதானது. அந்த வார்டின் வருமான எண் அந்த ஆண்டு சரிந்திருந்தால் அதற்கு அந்தத் தெருவில் யாரும் சோம்பேறி ஆனது காரணமில்லை.

குணத்தைக் குறை சொல்லும் வாதம் அவ்வளவு எளிதில் ஓய்வதில்லை. தலைமுறை தலைமுறையாக உதவித்தொகையில் வாழ்கிறார்கள், உழைக்கும் பண்பாடே போய்விட்டது என்பார்கள். 2007 பிப்ரவரியில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரன் விதன்ஷாவுக்கு வந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுவன் விரல்களைத் துப்பாக்கிபோல் நீட்டிய படம் நாடெங்கும் அச்சானது. அந்த ஒரு படம் ஓர் ஊரின் முகவரியாகிப்போனது. இந்த வாதம் முற்றிலும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்குப் போகும் ஆளையே பார்க்காமல் வளரும் பிள்ளைக்கு வேலைக்கு வழிகாட்ட அக்கம்பக்கத்தில் ஆளிருக்காது. ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவைக்கிறது அந்த வாதம். 1930-களிலும் 1950-களிலும் இதே தெருக்களில் வேலை இருந்தது, உழைப்பும் இருந்தது. ஆட்களைப் பிரித்து அனுப்பும் விதம் மாறியபின்தான் படம் மாறியது. மேலும், தேறியவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் வளர்ந்தது விதன்ஷாவில். 2020 ஜூனில் அவர் குரல் கொடுத்த பிறகுதான், கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுச் சீட்டு தர அரசு இறங்கிவந்தது. அவரைப்போல் புகழ் பெறாத நூற்றுக்கணக்கானவர்கள் செவிலியராக, மின்பணியாளராக, ஆசிரியராகித் தேறி, ஆல்ட்ரிங்கம் பக்கமோ ஸ்டாக்போர்ட் பக்கமோ வீடு வாங்கிப் போகிறார்கள். காலியான வீடு காத்திருப்புப் பட்டியலில் மிகவும் கஷ்டத்தில் இருப்பவருக்குப் போகிறது. ஒரு குடும்பம் முன்னேறியதால் வார்டின் சராசரி இறங்கும்! வெற்றியையே தோல்வியாகக் காட்டும் அளவீடு இது.

அப்படியானால் இடத்தை விட்டுவிட்டு ஆட்களுக்கு நேரடியாக உதவுங்கள், வார்டு வார்டாகப் பணம் கொட்டுவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாதார அறிஞர்கள் பலர் இப்படித்தான் வாதிடுகிறார்கள், இதுவே எனக்கு மிகக் கடினமான மறுப்பு. ஏழைகளில் பெரும்பகுதியினர் ஏழைப் பகுதிகளுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. உதவித்தொகை ஆளுக்குப் போகட்டும். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவி கிடையாது என்ற 2017-ன் வரம்பு போன்றவை செய்த சேதத்தை எந்த வார்டுத் திட்டமும் ஈடுகட்ட முடியாது. ஆனால் சில பொருள்களை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்க முடியாது. பேருந்துத் தடம், மகப்பேற்றுச் செவிலியர், மழலையர் மையம் ஆகியவை ஓரிடத்தில் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. இதற்கு நல்ல சான்று ஷ்யூர் ஸ்டார்ட் என்ற திட்டம். 1999-ல் தொடங்கி, முதலில் நலிந்த பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குடும்பங்களுக்கு மருத்துவம், வளர்ப்பு, வேலைத் தேடல் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. 2010-க்குப் பிறகு அதன் நிதி மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டது. 2024-ல் நிதி ஆய்வுகளுக்கான கழகம் வெளியிட்ட ஆய்வு, அந்த மையங்களுக்கு அருகில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் சுமார் மூன்று படிநிலைகள் கூடுதலாக எடுத்ததைக் காட்டியது. பலன் தெரிய பதினைந்து ஆண்டு ஆனது. அது தெரியவரும் முன்பே மையங்கள் பல மூடிவிட்டன.

பட்டியலே அவமானம், அதை நிறுத்துங்கள் என்பாரும் உண்டு. பென்ச்சில் என்று விண்ணப்பத்தில் எழுதினாலே வேலை கிடைக்காது என்ற பயம் அங்கே உண்மையாகவே இருக்கும். அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எண்ணில்லாத இடத்தில் நிதி சத்தம் போடுபவர்களுக்கே போகும். வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நிறைந்த வார்டு தன் நூலகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், மற்றது இழக்கும். எண் வேண்டும், நேர்மையான எண். 2025-ல் வந்த புதிய குறியீடு வாடகையைக் கழித்த பிறகு மிஞ்சும் வருமானத்தைக் கணக்கில் எடுத்தது அந்தத் திசையில் ஒரு படி. சம்பளம் ஒன்றாக இருக்கலாம், வாடகை தின்றது போக மீதிதான் சோறு.

விதன்ஷாவில் இப்போது மறுபடியும் பணிகள் நடக்கின்றன. வீடுகள் கவுன்சிலிடமிருந்து சமூக வீட்டுவசதி அமைப்புகளுக்கு மாறி, 2013-ல் அவை ஒன்றாக இணைந்தன. பழுதுபார்ப்பும் வெப்பவசதியும் மேம்பட்டன. 2022-ல் ஊர்மையத்தின் கடைவளாகத்தை மாநகராட்சியே வாங்கியது. 2025 ஜனவரி 5 முதல் கிரேட்டர் மான்செஸ்டரின் பேருந்துகள் அனைத்தும் பீ நெட்வொர்க் என்ற பெயரில் பொது நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குத் திரும்பின. எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு வண்டி என்பதை இனி லாபம் மட்டும் தீர்மானிக்காது. இவற்றில் பேருந்தையே நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் 1930-களில் விட்டுப்போன பாதித் திட்டம் அதுதான். ஊர்மையத்தைச் சுற்றி எழப்போகும் புதிய வீடுகளில் எத்தனை சமூக வாடகைக்கு, எத்தனை சந்தை விலைக்கு என்பதையும் உற்றுப்பார்க்கவேண்டும். வெளியிலிருந்து வசதியானவர்கள் குடிவந்தால் வார்டின் எண்கள் அழகாகும், பட்டியலில் இடம் இறங்கும், அறிக்கையில் பச்சை நிறம் வரும். பழைய குடும்பங்களின் நிலை அப்படியே இருக்கலாம். அதனால் வார்டின் சராசரியோடு, இன்று அங்கே ஐந்து வயதில் இருக்கும் பிள்ளைகள் பதினாறிலும் இருபத்தைந்திலும் என்ன ஆனார்கள் என்று, அவர்கள் எந்த வார்டுக்குக் குடிபோனாலும், தொடர்ந்து எண்ணவேண்டும். பள்ளிப் பதிவும் வரிப் பதிவும் அரசிடமே இருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டு அவற்றை இணைத்துப் பார்க்க நுட்பம் இருக்கிறது. மாநகராட்சி 2,500 ஏக்கரை வாங்கிய நாளில், அங்கே வளரும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது. இன்னும் அந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் பதில் சொல்லும் ஓர் அட்டவணை கிடையாது.